ஒன்பதாம் பாத்தி

குழந்தையின் தலைமுடியில் டீசல் வாசனை அடித்தது.

வாசலில் அவள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் தங்கையின் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குனிந்து அந்தச் சிறிய உச்சியில் முத்தமிட்ட கணத்தில், சோப்பின் மணத்துக்கும் வெயிலில் காய்ந்த துணியின் மணத்துக்கும் அடியில், மூடி சரியாக இறுக்கப்படாத புட்டியிலிருந்து கசிவதைப் போல, மிக மெல்லியதாக அந்த வாசனை எழுந்துவந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் மண் ஆய்வாளர். மூன்று ஆண்டுகள் அந்த வாசனைக்குள்ளேயே நின்று வேலை பார்த்தவள். நேற்றுச் சிந்திய டீசலின் வாசனை வேறு, மண்ணுக்குள் இருபது ஆண்டுகள் கிடந்து புளித்த டீசலின் வாசனை வேறு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். குழந்தையின் தலையில் இருந்தது பழையது.

“இவளுக்கு ஷாம்பு ஏதாவது மாத்தினியா?” என்று தங்கையிடம் கேட்டாள்.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? உன் மூக்குக்கு ஒரு நாளாவது லீவு குடுக்கா.” தங்கை சிரித்தாள். “அதே ஷாம்புதான். பின்னாடி மண்ணுல நின்னுட்டு வந்திருப்பா. கடுகு, பெரியம்மாவை விடுடி, பாவம், மூச்சு முட்டுது பாரு.”

கடுகு என்பது குழந்தைக்கு வீட்டில் வழங்கிய செல்லப் பெயர். பிறந்தபோது அவ்வளவு சிறியவளாக இருந்தாளாம். ஐந்து வயது ஆன பிறகும் பெயரை மாற்றும்படியான வளர்த்தி எதுவும் வந்துவிடவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபோது, கன்னங்களில் முன்பிருந்த சிவப்பு இல்லை என்பதைப் பெரியம்மா கவனித்தாள். நிழலில் வைத்த தொட்டிச் செடியின் இலையைப் போல ஒரு வெளுப்பு.

தங்கை மருந்துக் கடை ஒன்றில் பகல் வேலை பார்த்துவந்தாள். அவளுடைய கணவர் கப்பலில் இருந்தார். பள்ளி விடுமுறையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று நாள் வந்து இருக்க முடியுமா என்று தங்கை தொலைபேசியில் கேட்டபோது, அவள் தயங்காமல் சம்மதித்தாள். குழந்தையின் மேல் அன்பு உண்டு என்பது உண்மை. ஆனால் ஓராண்டாக நாக்கின் அடியில் வைத்திருந்த ஒரு செய்தியை இந்த மூன்று நாட்களுக்குள் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மைக்காகவே அவள் பெட்டியைக் கட்டினாள்.

தங்கை வேலைக்குக் கிளம்பிப் போனதும் அவள் பின்கதவைத் திறந்து நின்றாள். ஒரே அச்சில் வார்த்த பதினான்கு வீடுகள், பதினான்கு கொல்லைகள். எல்லாவற்றுக்கும் அப்பால் பழைய எண்ணெய்க் கிடங்கின் சுற்றுச்சுவர் ஒரு துண்டு மட்டும் இடிக்கப்படாமல் நின்றது. சுவரின் மூலையிலிருந்து நாற்பது அடி நேராக, அங்கிருந்து இடப்பக்கம் பன்னிரண்டு அடி. அளக்கத் தேவையில்லை, கால்களுக்கே தெரிந்திருந்தது. மற்ற கொல்லைகளில் எல்லாம் ஏதேதோ பச்சையாக முளைத்திருந்தன. தங்கையின் கொல்லையில் மட்டும் ஒரு கட்டில் அளவுக்கு மண் மொட்டையாகக் கிடந்தது.

ஒன்பதாம் பாத்தி.

*

கிடங்கு கைவிடப்பட்டபோது அந்த நிலத்தில் எதுவும் முளைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தொட்டிகள் துருப்பிடித்துக் கசிந்த எண்ணெய் மண்ணை மெழுகுபோல ஆக்கியிருந்தது. மண்ணை முழுவதும் வெட்டி எடுத்துப் போவதற்குப் பதிலாகச் செடிகளை நட்டுச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று திட்டம் வந்தது. நிலத்தை ஒன்பது பாத்திகளாகப் பிரித்து வெட்டிவேரையும் புல் வகைகளையும் நட்டார்கள். வெட்டிவேர் பக்கவாட்டில் அலையாது. நேராகக் கீழே இறங்கும். அந்த வேரைச் சுற்றி வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எண்ணெயைத் தின்னும். கொஞ்சத்தைச் செடியே உறிஞ்சும். வெயில் ஏற ஏற அதிகமாக உறிஞ்சும். அதனால் அந்த இடத்தில் வாசனை உச்சிப் பொழுதில்தான் அதிகமாக இருக்கும்.

நட்டவளும் வளர்த்தவளும் தோட்ட வேலைக்காரி ஒருத்தி. கிடங்கில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றே அழைத்தார்கள். கையில் எந்நேரமும் செடி வெட்டும் கத்தரி இருந்ததால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். அவளுடைய வாயால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

“மேடம், நீங்க புல்லுகிட்டகூட மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுத்தான் மிதிப்பீங்க போல,” என்று ஆய்வாளரைக் கேலி செய்வாள். அது ஏறக்குறைய உண்மைதான். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாமலே வளர்ந்தவள் அவள்.

கத்தரிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. பருவம் முடிந்ததும் செடிகளை அறுத்து, சாக்கில் கட்டி, எரிப்பதற்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு கட்டு குறைந்தாலும் தேடிக்கொண்டு வருவாள்.

“குடிச்ச செடிய நிலத்துல விடக்கூடாது மேடம். வாடி விழுந்துச்சுன்னா குடிச்சதை எல்லாம் மண்ணுக்கே திருப்பிக் குடுத்துடும். ரெண்டு வருஷம் பட்ட பாடு பாழ்.”

எட்டுப் பாத்திகள் தேறின. ஒன்பது தேறவில்லை. கடைசிச் சோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில் கத்தரி அந்தப் பாத்தியிலிருந்து ஒரு தூரைப் பிடுங்கி அவள் முன்னால் போட்டாள். வேர்கள் ஒரு சாண் ஆழம் இறங்கி, அங்கே எதையோ தொட்டு, கொக்கியைப் போல வளைந்து மேல்நோக்கித் திரும்பியிருந்தன.

“பாத்தீங்களா? இது குடிக்கல. மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குது.”

சோதனை நாளன்று மழை. கத்தரி விடுப்பில் இருந்ததால் ஆய்வாளர் தனியாகவே வேலை பார்த்தாள். கையால் முறுக்கி இறக்கும் மண் துளைப்பானை எட்டுப் பாத்திகளிலும் ஒரு மீட்டர் ஆழம் இறக்கி, எட்டுக் கண்ணாடிப் புட்டிகளை நிரப்பியிருந்தாள். ஒன்பதில் இரண்டு சாண் போனதும் துளைப்பானை யாரோ கீழிருந்து பிடித்துக்கொண்டதைப் போல இருந்தது. பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். வெளியே வந்தது கறுத்த களி. மழைத்துளி பட்ட இடத்தில் எல்லாம் வானவில் நிறங்கள் விரிந்தன. அந்த நேரத்தில் கைப்பேசி ஒலித்தது, திட்ட மேலாளர்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள ஒன்பது புட்டியும் லேபுக்குப் போயிடணும். எட்டு நல்லா வந்திருச்சுல்ல? ஒண்ணே ஒண்ணு அப்படி என்ன மாறிடப் போகுது?”

“சரிங்க சார்,” என்றாள்.

வேலிக்கு வெளியே ஒப்பீட்டுக்காக விடப்பட்ட நிலம் ஒன்று இருந்தது. எண்ணெய் ஒருபோதும் படாத மண். அவள் துளைப்பானைப் புல்லில் துடைத்தாள். வேலியைத் தாண்டிப் போனாள். நல்ல மண்ணை ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தாள். புட்டியின் மேல், தன்னுடைய தெளிவான, வட்டமான கையெழுத்தில், ஒன்பது என்று எழுதினாள். அதற்கு நாலைந்து நிமிடங்கள் ஆகியிருக்கும். இன்னொரு மழைக்காலம் போனால் அதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். இந்நிலம் குடியிருப்புக்கு உகந்தது என்ற அறிக்கையின் கீழே கையெழுத்திட்டபோதும் அப்படித்தான் நினைத்தாள்.

அங்கே வீடு வாங்கப்போவது தன் தங்கையாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. “நீ கையெழுத்துப் போட்ட மண்ணாச்சே அக்கா, அதைவிடவா எனக்கு வேற சர்டிபிகேட் வேணும்?” என்று தங்கை கேட்டபோது, வாயைத் திறக்க ஒரு முழு நிமிடம் கிடைத்தது. அவள் அந்த நிமிடத்தைத் தேநீர் குடிப்பதில் செலவிட்டாள்.

*

முதல் நாள் உச்சிப் பொழுதில் வீட்டுக்குள் வாசனை கூடியது. அவள் முதலில் சமையலறையின் எரிவாயுக் குழாயைப் பார்த்தாள், பிறகு கழிவுநீர்த் துளைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தாள், எங்கும் இல்லை, ஆனால் பின்கதவை நெருங்க நெருங்க அது ஒரு திரையைப் போல முகத்தில் வந்து படிந்தது.

கடுகு கொல்லையில், மொட்டை மண்ணின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. முகம் வெயிலைப் பார்த்து உயர்ந்திருந்தது.

“கடுகு, விளையாடலையா?”

“விளையாடிட்டுதானே இருக்கேன்.”

“என்ன விளையாட்டு?”

“நிக்கிற விளையாட்டு.”

“அதுல யாரு ஜெயிப்பா?”

குழந்தை சற்று யோசித்தாள். “அசையாதவங்க,” என்றாள்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினாள். மேலே ஊற்றிய தண்ணீர் தரையில் ஓடி, துளைக்கு அருகில் தேங்கி நின்றது. அதன் மேல் ஒரு மெல்லிய ஆடை மிதந்தது. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நீலம், ஊதா, மஞ்சள். மறுபடியும் நீலம்.

சோப்பு நுரையாக இருக்கும்.

அவள் மூன்று வாளித் தண்ணீரை ஊற்றி அதைக் கழுவினாள். தரையைத் துணியால் துடைத்தாள். துணியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில், காய்கறித் தோல்களுக்குக் கீழே திணித்தாள். கையை முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு முறை கழுவினாள். தங்கை வருவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. ஆனாலும் அவள் இவற்றையெல்லாம் ஓடி ஓடிச் செய்தாள்.

தலையைத் துவட்டும்போது குழந்தையின் பாதங்களைப் பார்த்தாள். உள்ளங்கால் முழுவதும் ஊசியால் குத்தியதைப் போன்ற நுண்ணிய புள்ளிகள். நூறு இருக்கலாம். வரிசையாக, ஒழுங்காக.

“வலிக்குதாம்மா?”

“இல்லையே. குளுகுளுன்னு இருக்கும்.”

மாலையில் தங்கை களைத்துப்போய் வந்து நாற்காலியில் சரிந்தாள். “சரியா சாப்பிட்டாளா? ஒரு மாசமா கொறிச்சுக்கிட்டே இருக்காக்கா. டாக்டர் ரத்தம் கொஞ்சம் கம்மின்னு டானிக் எழுதியிருக்கார். செருப்பு மட்டும் போடவே மாட்டேங்கிறா. மூணு ஜோடி வாங்கியாச்சு, மூணும் புத்தம் புதுசா கெடக்கு.”

இப்போது சொல்ல வேண்டும். வார்த்தைகளை அவள் வரும் வழியெல்லாம் அடுக்கிவைத்திருந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லம்மா. ஜன்னல் திரை ரொம்ப நல்லா இருக்கு. எங்க வாங்கினே?”

*

இரண்டாம் நாள் காலையில் அவள் விழித்தபோது குழந்தை படுக்கையில் இல்லை. கொல்லையில் இருந்தாள். அதே இடத்தில். தூக்கி வந்து உட்காரவைத்து, கதைகள் சொல்லி, படங்கள் வரையக் கொடுத்து, கதவைத் தாழிட்டு வைத்தாள். வெயில் ஏற ஏறக் குழந்தையின் முகம் சோர்ந்தது. தலை கவிழ்ந்தது. உதடுகள் உலர்ந்தன. மூன்று தம்ளர் தண்ணீர் கொடுத்தும் அந்த வாட்டம் நீங்கவில்லை. உச்சிப் பொழுதில் அவள் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். கழுத்து, தண்டு துவண்டதைப் போலத் தொங்கியது.

“வெளிய போகணும் பெரியம்மா,” என்றாள். “பசிக்குது.”

“சாப்பாடு போடறேன்மா.”

“அந்தப் பசி இல்லை.”

கண்ணீர் வழிந்தது. அவள் தாழை எடுத்துவிட்டாள். ஒரு குழந்தை அழும்போது முடியாது என்று சொல்வதற்கும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐந்து நிமிடம். அவ்வளவுதான். கொல்லையில் நின்ற ஐந்து நிமிடத்தில் குழந்தையின் முதுகு நிமிர்ந்தது. கழுத்து நிமிர்ந்தது. அவள் பாட்டு ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினாள். வாசனை எழுந்தது. மண்ணிலிருந்து அல்ல, பெரியம்மா குனிந்து மண்ணை முகர்ந்து பார்த்தாள், குழந்தையின் அருகே போனாள், குழந்தை வாய் திறந்து பாடியபோது அந்த மூச்சில் வந்தது.

அவள் உள்ளே போய்க் கத்தரியை அழைத்தாள்.

“அட, யாரு! மேடமா? என்ன, ஏதாவது புல்லுகிட்ட மன்னிப்புக் கேக்க மறந்துட்டீங்களா?”

“நல்லா இருக்கீங்களா? தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஒரு சந்தேகம். ஒன்பதாம் பாத்தி…”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“சொல்லுங்க.”

“அந்த மண்ணு தானா சுத்தமாகியிருக்க வாய்ப்பு இருக்கா?”

“வேர் இல்லாம எப்படி மேடம் ஆகும்? அந்த ஆழத்துல போட்டது போட்டபடி அப்படியே கெடக்கும். குடிக்க ஒண்ணு வேணும்ல?” கத்தரி குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கு மறுநாள் நான் வேலைக்கு வந்தேன். வேலிக்கு வெளிய ஒரு புதுக் குழி இருந்துச்சு. துளைப்பான் இறங்கின குழி. ஒப்பீட்டு நிலத்துல அந்த மாசம் மண்ணு எடுக்கிற வேலையே கிடையாது.”

அவள் ஜன்னலருகே போனாள்.

“யாராவது பாத்துடுவாங்கன்னு நான்தான் காலால மண்ணைத் தள்ளி மூடினேன். உங்க மேல பாசம்னு வச்சுக்கோங்க. இல்ல, எனக்கும் அந்த எடத்தை விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சுன்னு வச்சுக்கோங்க. சரி, அங்க இப்ப என்ன நட்டு வச்சிருக்காங்க?”

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குழந்தை நின்றுகொண்டிருந்தாள். காற்றில்லை. இருந்தும் அவளுடைய தலை மெல்ல, சூரியனின் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“ஒண்ணும் நடலைங்க,” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

அன்று குளிப்பாட்டும்போது குழந்தையின் உள்ளங்காலில் வெள்ளை நூல்கள் ஒட்டியிருந்தன. துண்டின் நூல். அவள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மெல்லச் சுண்டினாள். குழந்தையின் உடம்பு முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது.

துண்டின் நூல்தான். அவள் பாதத்துக்குக் காலுறை மாட்டிவிட்டாள். அன்று மாலை தங்கையிடம் சொல்லவில்லை. தங்கைக்குத் தலைவலி என்பதால் சொல்லவில்லை. நாளை தங்கைக்கு விடுமுறை. நாளை நிதானமாகச் சொல்லலாம்.

*

மூன்றாம் நாள்.

அவள் இன்னொன்றையும் முடிவு செய்திருந்தாள். சொல்வதற்கு முன் ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும். மண் துளைப்பான் அவள் வந்த காரின் பின்பெட்டியில்தான் இருந்தது. அந்த மழை நாளிலிருந்து அதை எடுத்து வெளியே வைக்கவும் அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை.

“அது என்னத்துக்குக்கா?” தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “வீட்டையே தோண்டப் போறியா?”

“மொட்டையா கெடக்கே, ஒரு செடி வைக்கலாம்னு. குழி போடறேன்.”

“வை வை. அங்க எது வச்சாலும் வர மாட்டேங்குது. உன் கை ராசி எப்படின்னு பாக்கறேன்.”

கொல்லையில் குழந்தை காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். காலுறைகள் ஓரமாகக் கழற்றிப் போடப்பட்டிருந்தன. அவள் குழந்தையிலிருந்து இரண்டு அடி தள்ளித் துளைப்பானை ஊன்றினாள். தரையில் செய்தித்தாளை விரித்தாள். மணி பதினொன்றரை. பிடியை முறுக்கினாள்.

ஒரு சாண். எடுத்துத் தட்டினாள். பழுப்பு மண்.

இரண்டு சாண். அங்கேதான் அன்று கீழிருந்து பிடித்தது. கை தானாகத் தயங்கியது. முறுக்கினாள். துளைப்பான் வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது. எடுத்தாள். பழுப்பு மண்.

மூன்று சாண். ஈரமான, உதிரும் மண். ஒரு மண்புழு நெளிந்தது.

ஒரு மீட்டர். அவள் மண்ணைக் கையில் அள்ளி முகத்தோடு சேர்த்து முகர்ந்தாள். மழை பெய்த மறுநாள் வரும் மணம். வேறொன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தாள். வண்ணம் எதுவும் மிதக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது. அன்று புட்டியின் மேல் அவள் எழுதிய பொய் இப்போது மெய்யாகியிருந்தது. இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தங்கையோடு உட்கார்ந்து சாப்பிடலாம். இன்று தூங்கலாம்.

செய்தித்தாளைச் சுருட்டுவதற்காகக் குனிந்தாள்.

அப்போதுதான் மண்ணுக்குள் இருந்தவற்றைப் பார்த்தாள். வெள்ளையாக. முடியைவிட மெல்லியதாக. ஒரு சாண் மண்ணில் சில. இரண்டாம் சாணில் பல. கடைசிச் சாண் மண்ணை உதிர்த்தபோது மண் விழுந்தது. வலை மட்டும் விரல்களில் மிஞ்சியது.

வேர்கள்.

இந்தக் கொல்லையில் செடி இல்லை. புல் இல்லை. ஒரு களைகூட இல்லை.

வேர் இல்லாம எப்படி மேடம் ஆகும்.

அவள் துளையின் ஓரத்தை விரலால் தோண்டினாள். வேர்கள் ஒரு பக்கமாக ஓடின. எல்லாமே ஒரே பக்கமாக. இரண்டு அடி. ஒன்றரை அடி. விரல்களால் பின்தொடர்ந்தாள். தடித்துக்கொண்டே வந்தன. ஒரு அடி. அரை அடி.

அவளுடைய விரல் நுனி எதையோ தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

குழந்தையின் கட்டைவிரல்.

“கடுகு.” நிமிர்ந்து பார்த்தாள். “கடுகு, காலைத் தூக்கும்மா.”

“முடியாது பெரியம்மா.”

“தூக்கும்மா. தயவுசெஞ்சு.”

“இன்னும் கொஞ்சந்தான் பாக்கி.”

அவள் முழந்தாளிட்டாள். குழந்தையின் அக்குள்களில் கை கொடுத்தாள். தூக்கினாள். குழந்தை மேலே வந்தாள். கூடவே மண்ணும் வந்தது. சுற்றிலும் வட்டமாகத் தரை வெடித்து, ஒரு தட்டைப் போல உயர்ந்தது. பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி. அதில் நூறு நூல்கள். இறுகி. நடுங்கி.

ஒன்று அறுந்தது.

அறுந்த நுனியில் ஒரு கறுப்புத் துளி திரண்டது. அதன் மேல் நீலம். ஊதா. மஞ்சள்.

குழந்தை அழவில்லை. கண்களை மட்டும் மூடினாள். தொட்டதும் கூம்பும் இலையைப் போல.

அவள் குழந்தையைக் கீழே இறக்கினாள். மெல்ல. வலிக்காமல். தட்டு மறுபடி தரையில் பொருந்தியது. குழந்தையின் மூச்சு முகத்தில் பட்டது. தொண்டை எரிந்தது.

“நான்தாம்மா,” என்றாள். ஓராண்டாக அடுக்கிவைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. “அந்தப் புட்டியில வெளி மண்ணைப் போட்டது நான்தாம்மா. பெரியம்மாதான். மன்னிச்சிரும்மா.”

குழந்தை கண்களைத் திறந்தாள். வெள்ளை விழிகளின் மேல் ஒரு மெல்லிய ஆடை நகர்ந்தது.

“பரவாயில்ல பெரியம்மா,” என்றாள் அன்பாக. “நான் குடிச்சிடறேன்.”

குடிச்ச செடிய நிலத்துல விடக்கூடாது. வேறொரு பெண்ணின் குரல், காதுக்குள், மிகத் தெளிவாக. அறுத்து. சாக்கில் கட்டி.

“அக்கா!” அடுப்படியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். “சாப்பாடு ஆயிடுச்சு! ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு வாங்க!”

பாத்திரம் ஒன்று வைக்கப்படும் ஓசை. குழாய் மூடப்படும் ஓசை. செருப்புச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

இப்போது சொல்ல வேண்டும். இப்போது. வாயைத் திறந்தால் போதும்.

அவளுடைய கைகள் முந்திக்கொண்டன. செய்தித்தாளில் இருந்த மண்ணை அள்ளின. குழந்தையின் பாதங்களின் மேல் போட்டன. வெடிப்புகளை மூடின. வெள்ளை நூல்களை மூடின. விரல்களை மூடின. இன்னும் அள்ளின. கணுக்கால் வரை. பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும், புதிதாக நட்ட நாற்றைச் சுற்றிச் செய்வதைப் போல, மண்ணை மெதுவாகத் தட்டி இறுக்கின.

கதவு திறந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டபடி தங்கை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். “எங்கே, என்ன செடிக்கா வச்சிருக்கே?”

அவள் தங்கையை நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்தாள்.

உச்சி வெயில். காற்றே இல்லை. கணுக்கால் வரை மண்ணில் ஊன்றி நின்ற குழந்தை, தாயின் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. முகத்தை மெல்ல, மிக மெல்ல உயர்த்தி, சூரியன் இருந்த பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.